பழைய ஃபோட்டோவைப் படிப்பது எப்படி? நம்ம ஊர்க் கட்டடங்களை வைத்து ஒரு பாடம்

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு குட்டி கிராமத்தின் பெயரைச் சொல்லி இணையத்தில் தேடிப் பாருங்க. அந்த ஊர் பப் நூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று காட்டும் படம் ஒன்றாவது பெரும்பாலும் கிடைத்துவிடும். வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை, பக்கத்தில் நிற்கும் குதிரை வண்டி, கதவோரம் சாய்ந்து நிற்கும் கடைக்காரர் என்று எல்லாமே அதில் தெரியும்.

இப்போது விருதுநகர் எண்ணெய் பரோட்டா கடை ஒன்றின் 1960-ஆம் வருஷப் படத்தைத் தேடுங்க. சாத்தூரில் ஒரு சேவுக் கடை, சிவகாசியில் ஒரு பழைய தீப்பெட்டிக் கொட்டகை, அருப்புக்கோட்டையில் ஒரு தறி வீடு என்று தேடிக்கொண்டே போங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வரும். காமராஜர் வீடு வரும். மற்றது? கிட்டத்தட்ட ஒன்றுமே வராது.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது, கையில் இருக்கிற கொஞ்சம் படங்களை எப்படிப் படிப்பது, இல்லாத படங்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். சர்வே லேப் அளவுக்குத்தான், பயப்பட வேண்டாம்.

அவங்க எப்படி எடுத்து வைத்தாங்க?

1860-இல் ஃபிரான்சிஸ் ஃபிரித் என்பவர் இங்கிலாந்தில் ரெய்கேட் என்ற ஊரில் ஒரு ஃபோட்டோ கம்பெனி ஆரம்பித்தார். ஊர் ஊராகப் படம் எடுத்து விற்பதுதான் தொழில். பிறகு போஸ்ட்கார்டு மோகம் வந்ததும் சர்ச், பப், பாலம், கடைத்தெரு என்று சின்ன ஊர்களின் படங்கள்கூட கார்டில் அச்சாகி விற்றன. யாரும் வரலாற்றைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. விற்பனைக்காக எடுத்த படங்கள் பின்னால் ஆவணமாகிவிட்டன, அவ்வளவுதான்.

அடுத்து, ஆவணமாகவே வேண்டும் என்று நினைத்து எடுத்தவர்கள் வந்தார்கள. பெஞ்சமின் ஸ்டோன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1897-இல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். பழைய கட்டடங்களையும் ஊர் வழக்கங்களையும் அமெச்சூர் ஃபோட்டோகிராபர்களே எடுத்து ஒரு பொது இடத்தில் சேர்த்து வைக்கவேண்டும் என்பது திட்டம். பிறகு இரண்டாம் உலகப்போரில் குண்டு விழ ஆரம்பித்ததும், 1940-41 வாக்கில், தேசியக் கட்டடப் பதிவகம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். நாளைக்கு இடிந்துபோகலாம் என்கிற கட்டடத்தை இன்றைக்கே படமாகவும் வரைபடமாகவும் எடுத்து வைப்பதுதான் அதன் வேலை.

பப் படங்களில் இன்னொரு வசதியும் உண்டு. மது விற்கும் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரை வாசலுக்கு மேலே எழுதி வைப்பது அங்கே நீண்ட காலம் சட்டப்படி கட்டாயமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெயரைப் படித்து, லைசென்ஸ் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எந்தக் காலத்துப் படம் என்பது தெரிந்துவிடும். பப் படம் இவ்வளவு பயன்படுவதற்குக் காரணம் பப்பின் அழகு இல்லை. அதில் படிப்பதற்கு எழுத்து இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடும் இருக்கிறது.

நம்ம பக்கம் யார் எடுத்தது?

தென் தமிழ்நாட்டுக் கட்டடங்களை முறையாகப் படம் பிடித்தவர்களில் முதலில் வருகிறவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனி ராணுவத்தில் அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசின் ஃபோட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். 1858-இல் அவர் எடுத்த மதுரைப் படங்கள் தனி ஆல்பங்களாகவே வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் இருக்கும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கு நாம் ஃபோனில் எடுக்கும் பனோரமாதான். என்ன, அவர் மெழுகு தடவிய காகித நெகட்டிவில் எடுத்தார்.

அவர் எடுத்த திருமலை நாயக்கர் மகால் படங்களைப் பார்த்தால் திடுக்கிடும். சுவர்கள் சிதைந்து, பாதி பாழடைந்து கிடக்கிறது. நேப்பியர் பிரபு சென்னை கவர்னராக இருந்தபோது, 1866-க்கும் 1872-க்கும் இடையில்தான், அதைப் பழுதுபார்க்க ஏற்பாடானது. ஆக, நாம் ஸ்கூல் டூரில் பார்த்த மகாலில் எது நாயக்கர் காலத்து வேலை, எது பிற்காலப் பழுதுவேலை என்று பிரித்துச் சொல்ல டிரைப்பின் படங்கள் உதவுகின்றன. ஒரு பழைய படம் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான்.

ஆனால் செலவு அதிகம் என்று சொல்லி, கவர்னராக வந்த டிரெவெலியன் 1859-இல் இந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதோடு, டிரைப்பின் கேமரா போன இடங்களைப் பாருங்க. மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை. கோயில், அரண்மனை, கோட்டை. கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு சந்தை ஊர் அந்தப் பட்டியலில் எப்படி வரும்?

அந்தச் சந்தை ஊர்களில் என்ன கட்டடம் இருந்தது? பப்புக்கு நிகராக நம்ம ஊரில் கள்ளுக்கடையைத்தான் சொல்லவேண்டும். ஆனால் அது பெரும்பாலும் ஓலைக் கொட்டகை. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்ததும் அதுவும் போனது. உண்மையில் ஒப்பிடவேண்டியது கள்ளுக்கடையை இல்லை, வழியில் போகிறவர்கள் தங்குகிற இடத்தை. ஏன்னா, இங்கிலாந்திலும் நிறைய பழைய பப்கள் குதிரை வண்டிகள் நின்று போகும் விடுதியாக இருந்தவைதான்.

அப்படிப் பார்த்தால் நம்மிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று சத்திரம். ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும்தானே நினைவுக்கு வருகிறது? ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி, விருதுநகர் பக்கத்தில் சத்திரரெட்டியபட்டி என்று ஊர்ப் பெயரிலேயே சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பேட்டை. 19-ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் மாட்டு வண்டியையும் சரக்கையும் பத்திரமாக நிறுத்த, சுற்றி அடைப்பு வைத்த பேட்டைகளைக் கட்டினார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்து, அந்தப் பொதுப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்த ஷத்திரிய வித்யாசாலாவும் அப்படி வளர்ந்ததுதான். இந்த வட்டாரத்தின் கல்வியும் தொழிலும் ஒரு வண்டிப் பேட்டையிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் மிகையில்லை. அந்த வண்டிப் பேட்டைக்கு ஒரு நல்ல ஃபோட்டோ கிடைத்தால் எவ்வளவு கேள்விக்குப் பதில் கிடைக்கும்!

அரசாங்கம் எடுக்காததை வீட்டு ஆல்பங்களில்தான் தேடவேண்டும். கல்யாணப் படத்துக்குப் பின்னால் தெரியும் கடை, கடைத் திறப்பு விழா குரூப் ஃபோட்டோ, தேர்தல் ஊர்வலப் படம். ஆள் முக்கியம் என்று எடுத்த படத்தில் கட்டடம் தற்செயலாக விழுந்திருக்கும். அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

பாடம் 1: பலகையைப் படியுங்க

படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்க. நம்ம மாவட்டத்துக்கு உதவும் சில துப்புகள்:

- "விருதுபட்டி" என்று இருந்தால், ஊர்ப் பெயர் விருதுநகர் என்று மாறிய 1923-க்கு முந்தையதாக இருக்கலாம்.
- விலை அணாவில் எழுதியிருந்தால், நயா பைசா வந்த 1957-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ எழுதிய பலகை.
- "தமிழ்நாடு அரசு" என்று இருந்தால் 1969-க்குப் பின். அதற்கு முன் சென்னை மாநிலம்.
- முகவரியில் 626 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின்.
- ராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்தால் 1985-க்கு முன். காமராஜர் மாவட்டம் என்று இருந்தால் 1985-க்கும் 1997-க்கும் நடுவில்.
- வண்டி நம்பர் டிஎன் 67 என்று இருந்தால் 1989-க்குப் பின்.
- "சிவகாசி மாநகராட்சி" என்று இருந்தால் 2021-க்குப் பின்.

எல்லாவற்றையும்விட சுவாரசியமானது எழுத்து வடிவம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் "லை", "னை" மாதிரி எழுத்துகளுக்குத் தும்பிக்கை போல மேலே ஒரு வளைவு இருக்கும். "ணா", "றா", "னா" மூன்றும் காலோடு சேராமல் சுழித்துக்கொண்டு இருக்கும். ஆனால் இதை மட்டும் நம்பித் தேதி போடக்கூடாது. பெரியாரின் இதழ்கள் 1935-லிருந்தே புது வடிவத்தில் வந்தன. இன்னொரு பக்கம், 1978-க்குப் பிறகும் பழக்கதோஷத்தில் பழைய எழுத்தையே எழுதிய பெயிண்டர்கள் உண்டு. ஒரு துப்பு போதாது. குறைந்தது இரண்டு துப்பு ஒரே காலத்தைக் காட்டவேண்டும்.

இன்னொரு விஷயம்: பலகையின் வயசும் படத்தின் வயசும் ஒன்றில்லை. 1955-இல் எழுதிய பலகை 1980 வரை தொங்கலாம். படத்தில் இருக்கிறவற்றில் எது கடைசியாக வந்ததோ, அதற்குப் பிறகுதான் படம் எடுத்திருக்க முடியும். இந்த ஒரு விதியை மட்டும் மறக்காதீங்க.

பாடம் 2: இடம் வலமாகிவிட்டதா?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தால் தெருவே கண்ணாடி பிம்பம் மாதிரி மாறிவிடும். பலகை எழுத்து இருந்தால் உடனே தெரியும். எழுத்து இல்லை என்றால் புடவை முந்தானையைப் பாருங்க. வழக்கமாக இடது தோளில் போடுவாங்க. படத்தில் எல்லோருக்கும் வலது தோளில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ரொம்பப் பழைய படமாக இருந்தால் தெருவில் ஆளே இருக்க மாட்டார்கள். ஊர் காலியாக இருந்தது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் எக்ஸ்போஷர் நேரம் அதிகம். நடந்து போகிறவர் பதிவாகாமலே போய்விடுவார், அல்லது புகை மாதிரி ஒரு தீற்றல் மட்டும் விழும். டிரைப் தன் நெகட்டிவிலேயே பிரஷ் வைத்து மேகத்தையும் இலைகளையும் திருத்தியிருக்கிறார். ஃபோட்டோஷாப் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே எடிட்டிங் வந்துவிட்டது. பழைய படம் என்பதற்காக எல்லாமே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பாடம் 3: நிழலை வைத்து மாதம்

விருதுநகரின் அட்சரேகை சுமார் 9.6 டிகிரி வடக்கு. சூரியன் வருஷத்தில் 23.4 டிகிரி தெற்கிலிருந்து 23.4 டிகிரி வடக்கு வரை போய் வருகிறது. அதனால் நம்ம ஊரில் நண்பகல் நிழல் சில மாதம் வடக்கே விழும், சில மாதம் தெற்கே விழும். இங்கிலாந்தில் இது நடக்காது. அங்கே வருஷம் முழுக்க நண்பகல் நிழல் வடக்கேதான்.

10 அடிக் கம்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்து தெற்கே 23.4 + 9.6 = 33 டிகிரி விலகியிருக்கும். நிழல் = 10 × டேன் 33 = சுமார் 6.5 அடி, வடக்கு நோக்கி. ஜூன் 21-இல் விலகல் 23.4 − 9.6 = 13.8 டிகிரி, வடக்குப் பக்கம். நிழல் = 10 × டேன் 13.8 = சுமார் 2.5 அடி, தெற்கு நோக்கி.

சூரியன் நம் தலைக்கு நேராக வடக்கே கடந்து போவது ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறக்கும்போது. திரும்பி வருவது ஆகஸ்ட் கடைசியில், ஆவணி நடுவில். ஆக, வடக்குப் பார்த்த கடையின் முகப்பில் நண்பகல் வெயில் அடித்தால், அந்தப் படம் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் எடுத்தது. இறவாரத்தின் நிழல் சுவரில் கிட்டத்தட்ட நேர்கீழாக இறங்கினால்தான் நண்பகல் என்று எடுத்துக்கொள்ளுங்க. காலை, மாலைப் படங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம்ம ஊருக்கு உண்மையான நண்பகல் கடிகாரத்தில் சுமார் 12:18-ஐ ஒட்டி வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

பாடம் 4: சைக்கிள்தான் ஸ்கேல்

இடிந்துபோன ஒரு கடையின் உயரம் தெரியவேண்டும். படத்தில் சுவரோடு சாய்த்து ஒரு சைக்கிள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பெரிய சைக்கிளின் சக்கரம் வெளி விட்டத்தில் ஏறக்குறைய 28 இன்ச். பிரிண்டில் சக்கரத்தின் உயரம் 9 மில்லிமீட்டர், சுவர் 55 மில்லிமீட்டர் என்றால்:

55 ÷ 9 × 28 = 171 இன்ச், அதாவது சுமார் 14 அடி 3 இன்ச்.

இதற்கு இரண்டு நிபந்தனை. அளவுகோலாக எடுக்கும் பொருள் சுவரை ஒட்டியே இருக்கவேண்டும். தெருவின் இந்தப் பக்கம் நிற்கும் சைக்கிள் உதவாது. படமும் நேர் முன்னால் நின்று எடுத்ததாக இருக்கவேண்டும். சாய்வாக எடுத்திருந்தால் ஜிம்ப் மாதிரி இலவச சாஃப்ட்வேரில் பெர்ஸ்பெக்டிவைச் சரிசெய்துவிட்டு அளங்க. சக்கரத்திலும் அகலத்தை விட்டு உயரத்தை அளங்க. முன்சக்கரம் திரும்பியிருந்தாலும் உயரம் மாறாது.

பாடம் 5: கேமரா நின்ற இடம்

பிளேன் டேபிளில் ரீசெக்ஷன் செய்தோமே, அதேதான். படத்தில் தூரத்தில் ஒரு பொருளும் பக்கத்தில் ஒரு பொருளும் ஒரே கோட்டில் விழுவதைத் தேடுங்க. உதாரணமாக, கோபுர உச்சி ஒரு வீட்டுக் கூரை முனைக்கு நேர் மேலே தெரிகிறது. மேப்பில் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு நீட்டினால் கேமரா அந்தக் கோட்டில் எங்கோ நின்றிருக்கிறது. இதே மாதிரி இன்னொரு ஜோடி கிடைத்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் கேமரா நின்ற இடம். நம்ம வட்டாரம் சமவெளி என்பதால் இது சுலபம். சுமார் 192 அடி உயர ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த இடத்தில் போய் நின்று இன்றைய படத்தையும் எடுத்து பக்கத்தில் வையுங்க. எது போயிருக்கிறது, எது இருக்கிறது என்று நீங்க விளக்கவே வேண்டாம்.

எடுக்க முடியாத கட்டடம்

இனி விஷயத்தின் கஷ்டமான பகுதி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊர் வளர்ந்தது. நாடு முழுக்கச் சுவரில் தொங்கும் காலண்டர்களுக்குப் படம் அச்சடித்துக் கொடுத்த ஊர் இது. ஆனால் அந்த ஊரின் வேலைக் கொட்டகைகளை மட்டும் படத்தில் தேடவேண்டியிருக்கிறது.

பட்டாசு ஆலை சினிமாவில் வரும் பெரிய ஃபேக்டரி மாதிரி இருக்காது. இடைவெளி விட்டுவிட்டு நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்பதற்காக இடைவெளி. ஓடி வெளியேற வசதியாகக் கதவுகள். ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு. பாதுகாப்பு விதியையே சுவராக எழுப்பிய கட்டடக்கலை என்று சொல்லலாம். உள்ளே செல்ஃபோனுக்கு அனுமதி கிடையாது, அது சரியும்கூட. அதனால் அங்கே தினமும் வேலை செய்கிறவர்களிடம்கூட தங்கள் அறையின் படம் இருக்காது. அந்த அறை ஃபோட்டோவில் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு முறை, வெடித்த மறுநாள் பேப்பரில். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே பார்த்ததும் இடிபாட்டைத்தான். முன்பு அந்த இடம் எப்படி இருந்தது, யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதெல்லாம் இடிபாட்டுப் படத்தில் இருக்காது.

இதற்குக் கேமரா தேவையில்லை. தேசியக் கட்டடப் பதிவகம் செய்ததுபோல ஒரு வரைபடம் போதும். முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு அக்காவிடமோ தாத்தாவிடமோ ஒரு பேப்பரையும் பென்சிலையும் கொடுத்து, "நீங்க உட்கார்ந்த இடத்தை வரைந்து காட்டுங்க" என்று கேளுங்க. வரைய வராது என்றால் அவங்க சொல்லச் சொல்ல நாம் வரையலாம். எத்தனை கதவு, தரை என்ன, தண்ணீர் எங்கே, அடுத்த அறை எத்தனை எட்டு. திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய வீடுகளுக்கும் இதே முறைதான். அந்தத் திண்ணைகளுக்கு மட்டும் படம் எடுக்கத் தடையில்லை. ரோடு அகலமாகும் முன்னால் எடுத்துவிடுங்க.

கையில் இருக்கும் படத்தை என்ன செய்வது?

1. ஆல்பத்தின் ஒட்டும் பேப்பரிலிருந்து பிய்த்து எடுக்காதீங்க. வரவில்லை என்றால் அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்க.
2. 600 டிபிஐ வையுங்க. 6 × 4 இன்ச் படத்துக்கு 3600 × 2400, அதாவது 86 லட்சம் பிக்சல் கிடைக்கும். பலகை எழுத்தைப் படிக்க இது வேண்டும்.
3. ஸ்கேனர் இல்லையா? ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், ஃபோனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்க.
4. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்க. படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.
5. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்க. ஸ்டுடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
6. பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலில் எழுதுங்க. பால்பாயிண்ட் முன்பக்கத்தில் தடம் பதிக்கும்.

எழுதவேண்டியது நான்கே விஷயம்: என்ன கட்டடம், எந்தத் தெரு, கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, இதைச் சொன்னவர் யார். தேதி தெரியாவிட்டால் "1957-க்குப் பின், 1985-க்கு முன்" என்று எழுதினாலே போதும். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்க. நமக்குப் பிறகு பார்க்கிறவர் அதைத் திருத்திக்கொள்வார்.

இந்த தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பெரியவங்க பக்கத்தில் உட்காருங்க. படத்தில் இருக்கிறவர்கள் யார் என்று எல்லோரும் கேட்பாங்க. நீங்க பின்னால் தெரியும் கடையைக் காட்டி, "இது எந்தத் தெரு? வாசல் எந்தப் பக்கம் பார்த்தது?" என்று கேளுங்க. அந்தப் பதிலைத் தெரிந்தவர் வீட்டில் அநேகமாக ஒருத்தர்தான் இருப்பார்.